வீட்டுத் தரைவிளக்கும் சுற்றுச்சூழல் கணக்கும்

1905-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 5-ஆம் நாள் பெங்களூரு நகரச் சந்தைப் பகுதியில் மின்சாரத் தெருவிளக்குகள் முதன்முறையாக ஒளிவிட்டன. 1902 முதல் கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் அனுப்பிவந்த சிவசமுத்திரம் நீர்மின் நிலையமே அவற்றுக்கும் ஆதாரமாக அமைந்தது. அக்காலத்தில் மின்விளக்கு என்பது பொதுச்சொத்து, வியப்புக்குரிய பொருள். இன்று அதே நகரில் மின்விளக்கு வீட்டு அலங்காரப் பொருள்களுள் ஒன்றாகிவிட்டது. வெளிச்சம் தருவது மட்டுமன்றி, அறைக்கு அழகூட்டுவதும் அதன் பணியாகக் கருதப்படுகிறது. இவ்வகையில் அண்மைக் காலத்தில் நகரக் குடும்பங்களிடையே பரவிவரும் பொருள், கடைகளில் ஃப்ளோர் லேம்ப் என்று வழங்கப்படும் தரைவிளக்காகும்.

'சுற்றுச்சூழலுக்கு உகந்தது' என்ற அடைமொழியுடன் இவ்விளக்குகள் பல விற்பனைக்கு வருகின்றன. மூங்கில், பிரம்பு, மரம், சணல் ஆகியவற்றால் செய்யப்பட்டவை என்பதே அந்த அடைமொழிக்குப் பெரும்பாலும் காட்டப்படும் காரணம். ஆனால் ஒரு விளக்கு சுற்றுச்சூழலுக்கு உகந்ததா என்பதை அதன் தோற்றத்தை மட்டும் கொண்டு முடிவு செய்ய இயலாது. அதை ஒரு கணக்காகவே பார்க்க வேண்டும். அக்கணக்கைப் போடும் முறையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அடுகோடி: ஓர் எடுத்துக்காட்டு

பெங்களூருவின் தென்கிழக்குப் பகுதியில், ஓசூர் சாலையை ஒட்டி, கோரமங்கலத்துக்கு அருகே அமைந்துள்ளது அடுகோடி. தேசியப் பால்வள ஆராய்ச்சி நிலையத்தின் தென்மண்டல நிலையம் இங்குள்ளது. 1950-களில் மைக்கோ நிறுவனத்தின் தொழிற்சாலை இங்கு அமைந்ததையடுத்து இது தொழிலாளர் குடியிருப்பாகவும் வளர்ந்தது. அந்த வளாகம் இப்போது பாஷ் நிறுவனத்தின் தொழில்நுட்ப வளாகமாக உருமாறியுள்ளது. பழைய குடியிருப்பாளர்களோடு, அண்டையிலுள்ள அலுவலகங்களில் பணிபுரியும் இளங்குடும்பங்களும் இங்கு வாடகைக்கு வாழ்கின்றன.

வாடகை வீட்டில் வாழும் குடும்பம் சுவரில் துளையிடவும் மின்கம்பி அமைப்பை மாற்றவும் பொதுவாக அனுமதிக்கப்படுவதில்லை. கூரையில் வீட்டு உரிமையாளர் பொருத்திய ஒரே விளக்குடன் காலந்தள்ள வேண்டியுள்ளது. மாணவர் படிக்கும் மூலைக்கோ, முதியவர் நாளிதழ் வாசிக்கும் நாற்காலிக்கோ தனி வெளிச்சம் தேவைப்படும்போது, தரைவிளக்கு பயன்படுகிறது. வீடு மாறும்போது அதைக் கையோடு கொண்டு செல்லலாம். எனவே இதனை வெறும் ஆடம்பரம் என்று ஒதுக்கிவிட முடியாது. தேவையும் அழகும் இணைந்த நுகர்பொருள் என்பதே பொருந்தும்.

மின்நுகர்வுக் கணக்கு

ஒரு தரைவிளக்கு நாள்தோறும் 4 மணி நேரம் எரிவதாகக் கொண்டால், ஆண்டுக்கு 1,460 மணி நேரமாகிறது. ஏறத்தாழ 700 லூமன் ஒளியைப் பெறுவதற்குப் பழைய குண்டு பல்பு 60 வாட் மின்சாரத்தை எடுத்துக்கொள்ளும், சி.எஃப்.எல். சுமார் 14 வாட் எடுத்துக்கொள்ளும், நல்ல எல்.இ.டி. பல்புக்கு 7 வாட் போதுமானது. ஆகவே ஆண்டு நுகர்வு முறையே 87.6 யூனிட், 20.4 யூனிட், 10.2 யூனிட் என்று அமைகிறது. யூனிட்டுக்கு 6 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஆண்டுச் செலவு குண்டு பல்புக்கு 526 ரூபாய், சி.எஃப்.எல்.லுக்கு 123 ரூபாய், எல்.இ.டி.க்கு 61 ரூபாய்.

நம் நாட்டு மின்தொகுப்பில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சராசரியாக 0.7 கிலோ அளவில் கரியமில வாயு வெளியாகிறது. இதன்படி குண்டு பல்பால் ஆண்டுக்குச் சுமார் 61 கிலோவும், எல்.இ.டி.யால் சுமார் 7 கிலோவும் வெளியாகின்றன. இங்கு ஒரு நுட்பத்தையும் கருத வேண்டும். கர்நாடகத்தின் பாவகடாவில் 2,050 மெகாவாட் திறன் கொண்ட சூரிய மின்பூங்கா உள்ளது. எனினும் வீட்டு விளக்கு எரிவது சூரியன் மறைந்த பின்னர். மாலை நேர உச்சத் தேவையை நிறைவு செய்வதில் நீர்மின் நிலையங்களும் நிலக்கரி நிலையங்களுமே முதன்மையான பங்கு வகிக்கின்றன. ஆகையால் விளக்கில் மிச்சப்படும் ஒவ்வொரு யூனிட்டும் உச்ச நேரத்தில் மிச்சப்படும் யூனிட்டாகும்.

இந்த உண்மையை உணர்ந்தே திட்டங்கள் தீட்டப்பட்டன. 2004-05-இல் பெஸ்காம் எனப்படும் பெங்களூரு மின்வழங்கல் நிறுவனம், சி.எஃப்.எல். விளக்கின் விலையை மின்கட்டணத்துடன் மாதத் தவணையாகச் செலுத்த வகைசெய்தது. 2009-இல் எரிசக்தித் திறன் செயலகம், குண்டு பல்பின் விலைக்கே சி.எஃப்.எல். வழங்கும் பச்சத் விளக்குத் திட்டத்தைத் தொடங்கியது. 2014-இல் புதுச்சேரியில் தொடங்கிய எல்.இ.டி. வழங்கல், 2015 ஜனவரியில் 'உஜாலா' என்ற தேசியத் திட்டமாக விரிந்தது. இத்திட்டத்தின் கீழ் 36 கோடிக்கும் மேற்பட்ட பல்புகள் வழங்கப்பட்டுள்ளன. மொத்தக் கொள்முதலின் பயனாக, 2014-இல் 310 ரூபாயாக இருந்த ஒரு பல்பின் கொள்முதல் விலை 2016-இல் 38 ரூபாயாகக் குறைந்தது. தேவையைத் திரட்டினால் விலை குறையும் என்னும் பொருளாதாரக் கோட்பாட்டுக்கு இது சிறந்த சான்றாகும்.

கணக்கு மாறிய விதம்

எல்.இ.டி.யின் வருகையால் மின்நுகர்வு எட்டில் ஒரு பங்குக்குக் குறைந்துவிட்டது. இதனால் மற்றொரு விளைவும் ஏற்பட்டுள்ளது. குண்டு பல்புக் காலத்தில் விளக்கு எரிவதற்கான மின்சாரமே கணக்கின் பெரும்பகுதியாக இருந்தது; விளக்குத் தாங்கியைச் செய்வதற்கான ஆற்றல் பொருட்படுத்தத்தக்கதாக இல்லை. இன்று நிலைமை அவ்வாறில்லை.

தாதுவிலிருந்து ஒரு கிலோ அலுமினியத்தை உருக்கிப் பிரிப்பதற்குச் சுமார் 14 யூனிட் மின்சாரம் செலவாகிறது. 2 கிலோ அலுமினியம் கொண்ட தரைவிளக்கின் தாங்கியில் 28 யூனிட் மின்சாரம் அடங்கியிருக்கிறது என்று கூறலாம். குண்டு பல்பு இந்த 28 யூனிட்டை நான்கு மாதங்களுக்குள் எரித்துவிடும். 7 வாட் எல்.இ.டி. அதே அளவை எரிக்க இரண்டே முக்கால் ஆண்டுகள் ஆகும். அதாவது, எல்.இ.டி. விளக்கை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை தாங்கியோடு தூக்கியெறிந்துவிட்டுப் புதியது வாங்கும் குடும்பம், எரிப்பதற்குச் செலவிடும் அளவுக்கு ஏறத்தாழச் சமமான மின்சாரத்தைத் தாங்கியின் உலோகத்திலேயே இழந்துவிடுகிறது. மறுசுழற்சி அலுமினியமாயின், இதில் இருபதில் ஒரு பங்கு ஆற்றல் போதும்.

இதிலிருந்து பெறப்படும் முடிவு தெளிவானது. எல்.இ.டி. காலத்தில் விளக்கின் சுற்றுச்சூழல் தகுதியைத் தீர்மானிப்பது அதன் ஆயுளே. எத்தனை ஆண்டுகள் உழைக்கும், பழுதானால் சரிசெய்ய இயலுமா என்பவையே முதன்மையான கேள்விகள்.

இக்காலத் தரைவிளக்குகள் பலவற்றில் எல்.இ.டி. சில்லுகள் தாங்கியுடன் ஒன்றாகப் பொருத்தப்பட்டு மூடப்பட்டுள்ளன. எல்.இ.டி. சில்லு நீண்ட காலம் உழைக்கக்கூடியதாயினும், அதற்கு மின்னோட்டத்தை ஒழுங்குபடுத்தித் தரும் 'டிரைவர்' எனும் மின்சுற்று, வெப்பத்தாலும் மின்னழுத்த ஏற்றத்தாழ்வாலும் முன்னதாகவே பழுதடைவதுண்டு. அவ்வாறாகும்போது, சிறு உறுப்பு ஒன்று பழுதானதற்காக விளக்கு முழுவதையும் கைவிட நேர்கிறது. தனிப் பல்பு மாட்டும் விளக்கில் இந்த இடர் இல்லை.

ஓர் எடுத்துக்காட்டால் இதை விளக்கலாம். பல்பு மாற்ற இயலாத விளக்கு ஒன்றின் விலை 1,500 ரூபாய். ஆயுள் 3 ஆண்டுகள். ஆண்டுத் தேய்மானம் 500 ரூபாய். மின்செலவு 61 ரூபாய். ஆக 561 ரூபாய். பல்பு மாற்றத்தக்க மற்றொன்றின் விலை 2,400 ரூபாய். தாங்கியின் ஆயுள் 12 ஆண்டுகள். ஆண்டுத் தேய்மானம் 200 ரூபாய். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை 100 ரூபாய்க்குப் புதிய பல்பு வாங்குவதால் ஆண்டுக்கு 25 ரூபாய். மின்செலவு 61 ரூபாய். ஆக 286 ரூபாய். விலைக்குறியில் மலிவாகத் தோன்றுவது, வாழ்நாள் செலவில் ஏறத்தாழ இருமடங்காகிறது.

குத்துவிளக்கின் பாடம்

பழுதுபார்க்கத்தக்க தரைவிளக்கு என்பது புதிய கருத்தன்று. தமிழ் மக்களின் குத்துவிளக்கே இதற்கு முன்மாதிரி. கும்பகோணம் அருகேயுள்ள நாச்சியார்கோயில் கைவினைஞர்கள் வார்க்கும் குத்துவிளக்கு, புவிசார் குறியீடு பெற்ற பொருள். அடித்தளம், தண்டு, எண்ணெய்த் தட்டு, முகப்பு எனத் தனித்தனியே வார்க்கப்பட்டு, மரையால் ஒன்றோடொன்று திருகிப் பொருத்தப்படுகின்றன. கழற்றித் தூய்மை செய்யலாம். ஒரு பகுதி பழுதானால் அதை மட்டும் மாற்றலாம். தலைமுறைகள் கடந்து பயன்படுத்தலாம். இறுதியில் பித்தளையை உருக்கி மீண்டும் வார்க்கலாம். இந்நாளைய வடிவமைப்பாளர் வலியுறுத்தும் பண்புகள் யாவும் இதில் அடங்கியுள்ளன.

தாங்கிக்கும் மறைப்புக்கும் உரிய பொருள்கள்

மூங்கில் மூன்று அல்லது நான்கு ஆண்டுகளில் முதிர்ந்து அறுவடைக்கு வரும் புல்வகை. 2017-இல் இந்திய வனச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, வனமல்லாத நிலங்களில் வளரும் மூங்கில் 'மரம்' என்ற வரையறையிலிருந்து நீக்கப்பட்டது. உழவர் அதை வளர்த்து விற்பது இதனால் எளிதாயிற்று. ஆயினும் பூச்சியரிப்பைத் தடுக்கும் பக்குவம் செய்யப்படாத மூங்கில் விரைவில் உளுத்துவிடும். அவ்வாறாயின் ஆயுள் என்னும் அடிப்படைத் தேர்விலேயே அது தோற்றுவிடுகிறது. பிரம்பு பெரும்பாலும் காடுகளிலிருந்து எடுக்கப்படுவதால், அளவுக்கு மீறிய அறுவடை கவலைக்குரியது. ஈட்டி உள்ளிட்ட டால்பெர்ஜியா இன மரங்கள் 2017 முதல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ளன.

பெங்களூருவிலிருந்து மைசூரு செல்லும் சாலையில் சுமார் 60 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சென்னபட்டணம், மரக் கடைசல் வேலைக்குப் புகழ்பெற்றது. வெட்பாலை மரத்தைக் கடைந்து, அரக்கோடு நிறங்களைச் சேர்த்து மெருகேற்றும் இக்கலையும் புவிசார் குறியீடு பெற்றுள்ளது. பொம்மைகளுக்குப் பெயர்பெற்ற இக்கைவினைஞரால் விளக்குத் தண்டையும் கடைந்து தர இயலும். அருகிலுள்ள ஊரில் செய்யப்பட்ட பொருளுக்குப் போக்குவரத்து ஆற்றல் குறைவு. பழுதானால் செய்தவரையே நாடலாம். கொடுக்கும் விலை உள்ளூர் உழைப்பைச் சென்றடைகிறது.

மறைப்பைத் தேர்ந்தெடுப்பதில் அழகோடு ஒளியிழப்பையும் கருத வேண்டும். தடித்த, கருநிறத் துணி மறைப்பு ஒளியின் பெரும்பகுதியை விழுங்கிவிடும். பின்னர் கூடுதல் வாட் பல்பை நாட நேரிடும். வெளிர்நிறக் கதர், கோரைப்பாய் போன்றவை ஒளியை மென்மையாகப் பரப்பும்.

பாதுகாப்பும் ஒளியின் தரமும்

தரைவிளக்கு இடறி விழக்கூடிய பொருள் என்பதை மறத்தலாகாது. 1990-களில் அமெரிக்காவில் 300 வாட், 500 வாட் ஆலசன் தரைவிளக்குகள் பெருவழக்காக இருந்தன. 1997 ஜனவரியில், புகழ்பெற்ற ஜாஸ் இசைக்கலைஞர் லயனல் ஹாம்ப்டனின் நியூயார்க் இல்லத்தில் அத்தகைய விளக்கொன்று சாய்ந்ததால் தீப்பற்றியது. அதே ஆண்டு ஆகஸ்டில், சுமார் 4 கோடி விளக்குகளுக்குப் பாதுகாப்புக் கம்பிவலை பொருத்தும் ஏற்பாட்டை அந்நாட்டு நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் அறிவித்தது. எல்.இ.டி. வெப்பம் குறைந்தது, மரம், துணி, மூங்கில் மறைப்புகளை இன்று ஓரளவு அச்சமின்றிப் பயன்படுத்த முடிவது அதனால்தான். ஆயினும் அடித்தளம் கனமாகவும் அகலமாகவும் இருத்தல் வேண்டும். உலோகத் தாங்கியாயின் நில இணைப்புடன் கூடிய மூன்று முனைச் செருகி நன்று.

ஓய்வறைக்கு 2,700 முதல் 3,000 கெல்வின் வரையிலான இளமஞ்சள் ஒளி ஏற்றது. நிறங்களைச் சரிவரக் காட்டும் குறியீட்டெண் 80-க்குக் குறையாமல் இருத்தல் விரும்பத்தக்கது. தொலைக்கட்டுப்பாட்டுக் கருவியுடன் வரும் விளக்குகள் அணைந்திருக்கும்போதும் மின்சாரத்தை எடுத்துக்கொள்ளும். அரை வாட் என்றாலும், அணைந்திருக்கும் 20 மணி நேரத்துக்கு ஆண்டில் 3.65 யூனிட் ஆகிறது. இது விளக்கு எரியும் நேர நுகர்வில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். சாதாரணச் சுவிட்சுக்கு இந்தச் செலவில்லை.

இலவச மின்சாரமும் சமூகச் செலவும்

கர்நாடகத்தில் 2023-இல் நடைமுறைக்கு வந்த கிருஹ ஜோதி திட்டத்தின்படி, வீடுகளுக்கு மாதம் 200 யூனிட் உச்சவரம்புக்கு உட்பட்டு இலவச மின்சாரம் வழங்கப்படுகிறது. ஒவ்வொரு வீட்டுக்கும் உரிய அளவு, 2022-23-ஆம் ஆண்டின் சராசரி நுகர்வை அடிப்படையாகக் கொண்டு, சிறிது கூட்டி வரையறுக்கப்பட்டது. அந்த அளவைத் தாண்டினால் மிகுதிக்குக் கட்டணம் உண்டு. 200 யூனிட்டைத் தாண்டினால் கட்டணம் முழுவதையும் செலுத்த வேண்டும்.

இங்கு மாணவர் கருத வேண்டிய பொருளாதாரச் சிக்கல் ஒன்று எழுகிறது. வரம்புக்குள் நிற்கும் குடும்பத்துக்குக் கூடுதல் யூனிட்டின் இறுதிநிலைச் செலவு சுழியம். ஆகவே திறன்மிக்க பல்பு வாங்குவதற்கான பணத்தூண்டுதல் அக்குடும்பத்துக்கு இல்லை. ஆனால் சமூகத்துக்கு அந்த யூனிட் இலவசமன்று; மின்னுற்பத்திச் செலவும், அரசு தரும் மானியமும், புகையின் தீங்கும் அதில் அடங்கியுள்ளன. மறுபுறம், 200 யூனிட்டை நெருங்கி நிற்கும் குடும்பத்துக்கு, மாதம் 7.2 யூனிட் எரிக்கும் குண்டு பல்புக்கும் 0.84 யூனிட் எரிக்கும் எல்.இ.டி.க்கும் உள்ள வேறுபாடே முழுக் கட்டணத்தை வருவிக்கவோ தவிர்க்கவோ போதுமானது. வருவாய் குறைந்த குடும்பங்களுக்கு இலவச மின்சாரம் தரும் நிவாரணம் மதிக்கத்தக்கது. அதனோடு திறன்மிக்க சாதனங்களும் சென்று சேர்ந்தால்தான் மானியப்பணம் முழுப் பயன் தரும்.

முத்திரைகளும் விளம்பரமும்

எல்.இ.டி. பல்புகளுக்கு எரிசக்தித் திறன் செயலகத்தின் நட்சத்திரக் குறியீடு 2018 ஜனவரி முதல் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் கட்டாயப் பதிவும் உண்டு. இத்தகைய சாதனங்களைச் சோதிக்கும் மத்திய மின்விசை ஆராய்ச்சிக் கழகம், 1960-இல் பெங்களூருவிலேயே நிறுவப்பட்டதாகும். ஆனால் இக்குறியீடுகள் பல்பின் திறனையும் பாதுகாப்பையும் பற்றியவை. தாங்கியின் ஆயுளைப் பற்றி அவை எதுவும் கூறுவதில்லை.

1991-இல் மண்பானைச் சின்னத்துடன் தொடங்கப்பட்ட சுற்றுச்சூழல் முத்திரைத் திட்டத்துக்கு மாற்றாக, 2024-இல் புதிய விதிகள் அறிவிக்கப்பட்டன. அதே ஆண்டு அக்டோபரில், மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பொய்யான பசுமை விளம்பரங்களைத் தடுப்பதற்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. 'பசுமையானது', 'சுற்றுச்சூழலுக்கு உகந்தது' போன்ற பொதுவான கூற்றுகளை ஆதாரமின்றிப் பயன்படுத்தலாகாது என்பது அவற்றின் சாரம். எந்த வகையில் உகந்தது என்று விற்பவரைக் கேட்பதற்கு வாங்குபவருக்கு உரிமையுண்டு.

பயன் முடிந்தபின்

சி.எஃப்.எல். விளக்கில் சிறிதளவு பாதரசம் உள்ளது. இந்தியா 2018-இல் ஏற்புறுதி அளித்த மினமாட்டா உடன்படிக்கையின் கீழ், பொதுப் பயன்பாட்டுக்கான சி.எஃப்.எல். வகைகளை 2025-க்குள் கைவிடுவதென 2022-இல் நாடுகள் முடிவு செய்தன. ஆகவே புதிய தரைவிளக்குக்கு அதைத் தேர்வதில் பொருளில்லை. வீட்டில் எஞ்சியுள்ளவற்றை உடைக்காமல் தனியே ஒப்படைத்தல் வேண்டும். எல்.இ.டி.யில் பாதரசம் இல்லையெனினும் அது மின்னணுக் கழிவே. 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகள் உற்பத்தியாளரின் பொறுப்பை வலியுறுத்துகின்றன. மரமும் உலோகமும் பிளாஸ்டிக்கும் பசையால் ஒட்டப்பட்ட விளக்கைப் பிரித்தெடுத்தல் கடினம். திருகாணிகளால் இணைக்கப்பட்டதைப் பிரித்தல் எளிது.

வாங்குவோர் கேட்க வேண்டியவை

மேற்கூறியவற்றைத் தொகுத்தால், கடையில் கேட்க வேண்டிய கேள்விகள் ஐந்தாகும். முதலாவது, பல்பைக் கழற்றி மாற்ற இயலுமா? மாட்டித் திருப்பும் 'பி-22' வகையாயின் எந்தத் தெருக்கடையிலும் பல்பு கிடைக்கும். மரையுள்ள 'இ-27' வகையும் ஏற்கத்தக்கதே. இரண்டாவது, ஒளி எத்தனை லூமன், நுகர்வு எத்தனை வாட்? வாட் மட்டும் அறிவது போதாது. மூன்றாவது, சுவிட்சு, கம்பி, மறைப்பு ஆகியவற்றைத் தனித்தனியே மாற்ற முடியுமா? நான்காவது, அடித்தளம் உறுதியானதா, மின்காப்பு முறையானதா? ஐந்தாவது, தாங்கி எந்தப் பொருளால், எங்கே செய்யப்பட்டது? பொருள் பற்றிய கேள்வி இறுதியில் வருவது தற்செயலானதன்று. முதல் நான்கிலும் தேறாத மூங்கில் விளக்கைவிட, நான்கிலும் தேறிய பழைய இரும்பு விளக்கே மேலானது. வீட்டிலுள்ள பழைய தாங்கிக்குப் புதிய கம்பியும் எல்.இ.டி. பல்பும் பொருத்துவது அனைத்தினும் சிக்கனமானது.

அரசு செய்யக்கூடியது

நுகர்வோரின் விழிப்புணர்வு மட்டும் போதுமானதன்று. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 செப்டம்பர் முதல், சில விலக்குகள் நீங்கலாக, விளக்குகளிலுள்ள ஒளிமூலத்தைச் சாதாரணக் கருவிகளைக் கொண்டு மாற்ற இயலும் வகையில் அமைக்க வேண்டும் என்ற விதி உள்ளது. நம் நாட்டில் பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையவாயில் 2022 டிசம்பரில் தொடங்கப்பட்டது. 'இதன் ஒளிமூலம் மாற்றத்தக்கது' அல்லது 'மாற்றத்தகாதது' என்னும் ஒற்றை வரியை ஒவ்வொரு அலங்கார விளக்கின் உறையிலும் அச்சிடச் செய்தால், நுகர்வோருக்கு அது பெரும் வழிகாட்டியாக விளங்கும். அதற்கான செலவு மிகச் சிறிது.

பல்பின் விலையைக் குறைத்து, திறனை உயர்த்தி, கோடிக்கணக்கான இல்லங்களில் அதைக் கொண்டுசேர்த்த அனுபவம் நம் நாட்டுக்கு உண்டு. அப்பல்பைத் தாங்கும் விளக்கின் ஆயுளைக் கூட்டுவதே அடுத்த கட்டம். அடுகோடியின் வாடகை வீடொன்றில் நிற்கும் சாதாரணத் தரைவிளக்கு, குடும்பம் எத்தனை முறை வீடு மாறினாலும் உடன் சென்று பன்னிரண்டு ஆண்டுகள் உழைக்குமாயின், குடும்பத்தின் சேமிப்பும் நாட்டின் சேமிப்பும் ஒன்றாகவே அமையும்.